மூன்றரை மாத ஊசியும் மூன்று நிமிட வீடியோவும்

மதுரை பெரியாஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது வெளியே காத்திருக்கும் குடும்பம் கேட்பது ஒரே கேள்விதான்: “புள்ள பொழச்சுக்குமா?” குழந்தை பிழைத்து, தையல் ஆறி, தாய்ப்பால் குடிக்கத் தொடங்கி, டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரும் நாளில் கேள்வி மாறிவிடுகிறது: “மத்த புள்ளைங்க மாதிரி நல்லா வருமா டாக்டர்?”

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அறுவை சிகிச்சை நிபுணர், மயக்கவியல் நிபுணர், வென்டிலேட்டர், செவிலியர் என்று ஒரு படையே நிற்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் கிடைப்பது, “வளர வளரத் தெரியும்மா” என்ற ஆறுதல்தான். முப்பது வருடங்களுக்கு முன்னால் அதுதான் நேர்மையான பதிலாக இருந்தது. வேறு பதில் அன்று யாரிடமும் இல்லை. இன்று இருக்கிறது. மூன்றரை மாதத்திலேயே, குழந்தை படுத்திருக்கும் பாயில், அதன் கைகால் அசைவைப் பார்த்தே பதிலின் முக்கியமான ஒரு பகுதியைச் சொல்லிவிட முடிகிறது. அந்தப் பதில் நம் குழந்தைகளுக்கு வந்துசேர என்ன தடை என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் இன்னும் நினைவுகூரும் அரசு இராஜாஜி மருத்துவமனைதான் மதுரைக்கு மட்டுமின்றி தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களுக்கும் கடைசி நம்பிக்கை. உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் பிறந்த குழந்தை, ஆசனவாய் இல்லாத குழந்தை, உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல் நெஞ்சுக்குள் ஏறிவிட்ட குழந்தை, முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தை, தலையில் நீர் கோத்த குழந்தை எனப் பலரும் இங்கே வருகிறார்கள். 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்ததற்கு முன்பு இவர்களில் பலர் மதுரை எல்லையைத் தொடுவதே அரிது. தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 13. நாட்டின் சராசரி அப்போது 28. இந்த இறக்கத்துக்குள் அறுவை அரங்கில் காப்பாற்றப்பட்ட உயிர்களும் இருக்கின்றன.

இந்த வெற்றி எளிதாக வந்ததில்லை. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில், வயிறும் குடலும் சார்ந்த ஏழு வகைப் பிறவிக் குறைபாடுகளுடன் வந்த 3,849 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 5.6 பேர் இறந்தார்கள். நடுத்தர வருமான நாடுகளில் 20.4 பேர், ஏழை நாடுகளில் 39.8 பேர். ஒரே நோய், ஒரே அறுவை. பிறந்த ஊர்தான் வேறு. இந்த இடைவெளியைக் குறைக்கப் போராடும் நம் அறுவை சிகிச்சை நிபுணர்களைக் கைகூப்பி வணங்கலாம். அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த உயிரைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விதான் அந்தரத்தில் நிற்கிறது.

காரணம் கத்தி மட்டுமா?

பிறந்த சில நாள்களில் பெரிய அறுவை சிகிச்சை கண்ட குழந்தைகளில் ஒரு பகுதியினர் நடப்பதில், பேசுவதில், கற்பதில் பின்தங்குகிறார்கள் என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பிறந்த சில வாரங்களில் பெரிய அறுவை ஆன குழந்தைகளையும் அதே வயது ஆரோக்கியமான குழந்தைகளையும் ஒரு வயதில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதய அறுவை ஆனவர்கள் தெளிவாகவே பின்தங்கியிருந்தார்கள். வயிறு, குடல், உணவுக்குழாய் போன்ற மற்ற அறுவைகள் ஆனவர்களிடமும் ஓரளவு பின்னடைவு இருந்தது. இவர்கள் எல்லோரும் குறைமாதக் குழந்தைகள் என்றும் சொல்லிவிட முடியாது. நிறைமாதத்தில் பிறந்தவர்களே அதிகம்.

இதைக் கேட்டதும் பெற்றோர் மனம் முதலில் ஓடுவது மயக்க மருந்தின் பக்கம். “மயக்க ஊசி போட்டதாலதான் புள்ள மந்தமாயிருச்சோ” என்ற சந்தேகம் உசிலம்பட்டியிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து தருவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. பிறகு 2019இல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. ஏழு நாடுகளில் குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முழு மயக்கமும் மறுபாதிக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் மருந்தும் கொடுத்து, ஐந்து வயதுவரை பின்தொடர்ந்த சோதனை அது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான முழு மயக்கம் குழந்தைகளின் அறிவாற்றலை மாற்றவில்லை என்று தெரிந்தது. ஆகவே, மயக்க மருந்துக்குப் பயந்து அவசியமான அறுவையைத் தள்ளிப்போடுவது பெரும் தவறு.

அப்படியானால் காரணம் எங்கே இருக்கிறது? பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இதயக் கோளாறோடு பிறக்கும் பல குழந்தைகளின் மூளை, அறுவைக்கு முன்னாலேயே சுமார் ஒரு மாதம் முதிர்ச்சி குறைந்து காணப்படுகிறது. கருவிலேயே இரத்த ஓட்டம் மாறிப்போனதன் விளைவு அது. சிலருக்கு உடற்குறையும் மூளை வளர்ச்சிக் குறையும் ஒரே மரபணுக் கோளாறிலிருந்து வருகின்றன. அறுவைக்குப் பின் கிருமித் தொற்று, நாள்கணக்கில் வென்டிலேட்டர், எடை ஏறாத வாரங்கள், தாயின் மடிச்சூடு இல்லாத நீண்ட ஆஸ்பத்திரி வாசம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. தொற்றுக்காகக் கொடுக்கும் ஜென்டாமைசின், அமிகாசின் வகை மருந்துகள் சில குழந்தைகளின் செவித்திறனைத் தொடக்கூடும். காது கேளாத குழந்தை பேசத் தாமதமாவதைப் பிறர் மந்தம் என்று நினைத்துவிடுவார்கள்.

இந்தக் காரணங்களையெல்லாம் கூட்டிக் கணக்குப்போட்டால் எந்தக் குழந்தை பின்தங்கும் என்று சொல்லிவிட முடியுமா? சிறு வயதில் இதய அறுவை ஆன 1,770 குழந்தைகளின் விவரங்களை 22 மருத்துவமனைகளிலிருந்து திரட்டி ஆராய்ந்தார்கள். பிறப்பு எடை, மரபணுக் கோளாறு, ஆஸ்பத்திரியில் இருந்த நாள்கள், தாயின் படிப்பு என்று தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்தும், குழந்தைக்குக் குழந்தை தெரிந்த வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் விளக்கம் கிடைத்தது. மிச்சம் பிடிபடவில்லை.

எனக்கு இந்த முடிவு சோர்வைத் தரவில்லை. ஒரு திசையைக் காட்டுவதாகவே படுகிறது. ஆயிரம் குழந்தைகளின் சராசரியை வைத்து இந்த ஒரு குழந்தையின் தலையெழுத்தைப் படிக்க முடியாது. கேஸ் ஷீட்டை மூடிவைத்துவிட்டுக் குழந்தையையே பார்க்க வேண்டும்.

பாயில் படுத்திருக்கும் குழந்தை சொல்வது

அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஹைன்ஸ் பிரெக்டல். வியன்னாவில் பிறந்து, நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் வாழ்நாளின் பெரும்பகுதி பணியாற்றி, 2014இல் மறைந்த நரம்பியல் அறிஞர். குழந்தையைத் தட்டியும் இழுத்தும் மடக்கியும் சோதிக்காமல், அது தன்பாட்டுக்கு அசைவதை வீடியோவில் மீண்டும் மீண்டும் பார்த்தார். பிறந்த முதல் இரண்டு மாதங்களில் குழந்தையின் அசைவு நெளிவதுபோல் இருக்கும். ஒன்பதாவது வாரத்தை ஒட்டி அது மாறும். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று உடல் முழுவதும் சின்னச் சின்ன அசைவுகள் எல்லாத் திசையிலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இருபதாவது வாரம்வரை இது தொடரும். பிறகு குழந்தை கை நீட்டிப் பொருளைப் பிடிக்கத் தொடங்கும்போது மறைந்துவிடும்.

இந்தத் துறுதுறுப்பு இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. பிரெக்டலும் அவருடைய சகாக்களும் 130 குழந்தைகளை இரண்டு வயதுவரை பார்த்து, 1997இல் ‘லான்செட்’டில் முடிவை எழுதினார்கள். துறுதுறுப்பு இயல்பாக இருந்த 70 குழந்தைகளில் 67 பேர் நரம்புக் குறை இல்லாமல் வளர்ந்தார்கள். அது இல்லாமலோ மாறுபட்டோ இருந்த 60 பேரில் 57 பேருக்குக் குறை வந்தது. தலையில் எடுத்த ஸ்கேன்கூட இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. அயோனா நோவக் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்தியது. மூளை முடக்குவாதத்தை ஒன்று, இரண்டு வயதுவரை காத்திருந்து கண்டுபிடிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஐந்து மாதத்துக்குள்ளேயே எம்ஆர்ஐ, நரம்பியல் பரிசோதனை, இந்த அசைவு மதிப்பீடு மூன்றையும் கொண்டு கண்டறியலாம் என்றது.

அறுவை ஆன குழந்தைகளிடம் இந்த முறைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. முதல் வாரங்களில் அவர்களுடைய அசைவுகள் வகை குறைந்து, ஒரே மாதிரியாகவே இருக்கும். வலி, மருந்து, களைப்பு எல்லாம் உடம்பில் இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? அந்த நேரத்தில் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. மூன்று மாதத்தில் திரும்பிப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோரிடம் துறுதுறுப்பு வந்திருக்கும். “இப்போதைக்கு நடமாட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்மா” என்று ஒரு மருத்துவர் ஆதாரத்தோடு சொல்லும் அந்த ஒரு வரி, மாதக்கணக்கில் தூங்காத தாய்க்கு எத்தனை பெரிய மருந்து! கண்டுபிடிப்பு என்றாலே குறையைக் கண்டுபிடிப்பது என்று நினைக்கிறோம். நிம்மதியை உறுதிசெய்வதும் அதே கண்டுபிடிப்பின் பயன்தான்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று தாய்மார்கள் சொல்லும் தடுப்பூசிகள் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களுக்கு உரியவை. துறுதுறுப்பு தெளிவாகத் தெரியும் காலத்தின் நட்டநடுவில் வருகிறது அந்தப் பதினான்காவது வாரம். பெரியாஸ்பத்திரியில் அறுவை முடிந்து பேரையூருக்கோ மேலூருக்கோ போய்விட்ட குழந்தையை மறுபரிசோதனைக்கு வரவழைப்பது கஷ்டம். ஆனால் அந்தக் குழந்தை மூன்றரை மாத ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வந்தே தீரும். தவறினால் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவார். தமிழ்நாட்டில் இதைவிட உறுதியான ஒரு சந்திப்பு எந்தக் குழந்தைக்கும் கிடையாது.

அந்தச் சந்திப்பில் மூன்று நிமிடம் வேண்டும். ஊசி போடுவதற்கு முன்னால், ஏனென்றால் போட்ட பிறகு அழுகைதான். பால் குடித்து, விழித்து, அழாமல் இருக்கும் குழந்தையை மெல்லிய உடையோடு பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, கிலுகிலுப்பை காட்டாமல், கொஞ்சாமல், முழு உடலும் தெரியும்படி செல்போனில் படம் எடுக்க வேண்டும். இதைச் செவிலியர் செய்யலாம். சொல்லிக்கொடுத்தால் தாயே வீட்டில் செய்யலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பெற்றோர் வீட்டிலேயே படம் எடுத்து அனுப்பத் தனிச் செயலியே உருவாக்கினார்கள். படத்தைப் பார்த்துத் தீர்மானிக்கத்தான் பயிற்சி பெற்ற கண்கள் வேண்டும். அந்தப் பயிற்சி வருடக்கணக்கில் எடுக்கும் பட்டப்படிப்பில்லை. சில நாள் வகுப்பும் தொடர்ந்த பழக்கமும்தான். ஒரு குழந்தை மருத்துவரும் இரண்டு பிசியோதெரபிஸ்டுகளும் தேர்ச்சி பெற்றால் மதுரை வட்டாரத்துக்குத் தொடங்கப் போதும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். இதைச் சீட்டிலேயே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

மெல்லிய உடை மட்டுமே போட்ட குழந்தையின் படம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அது ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக் கூடாது. தாயின் சம்மதத்தோடு, மருத்துவமனையின் பாதுகாப்பான கணினிக்கு மட்டும் போக வேண்டும். பார்த்து முடித்த பின் யார் கையிலும் நகல் தங்கக் கூடாது.

தொலைவிலிருந்து பார்த்துச் சொல்வது மதுரைக்குப் புதிதும் இல்லை. தேனி மாவட்டக் கிராமங்களின் பார்வை மையங்களில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கண்ணை, கம்பியில்லா இணைப்பு வழியாக அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2000களின் நடுவிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அரவிந்த் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்தக் கண் மருத்துவமனை, அறுவை முடிந்த பின்னும் சிகிச்சை முடிவதில்லை என்பதைக் குழந்தைகள் விஷயத்தில் தினமும் நிரூபித்துக்கொண்டிருக்கிறது. பிறவிக் கண்புரையை எட்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள். தாமதமானால் கண் தெளிந்தாலும் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாது. இந்த உண்மையை ஆய்வுகளால் விளக்கிய அறிஞர்கள் ஹ்யூபலும் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். புரையை எடுத்த பிறகோ கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், நல்ல கண்ணை மூடிவைக்கும் ஒட்டு, மாதாமாதம் பரிசோதனை என்று வருடக்கணக்கில் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை இருந்த 114 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கண்ணுக்குள் லென்ஸும் மறுபாதிக்கு கான்டாக்ட் லென்ஸும் வைத்து, நாலரை வயதில் பார்வையை அளந்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. எந்த லென்ஸ் என்பதைவிட வீட்டில் ஒட்டு ஒழுங்காகப் போடுவதே பார்வைக்கு முக்கியம். குழந்தைகள் கண் மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த பாடம் இது. உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தாதா?

வீட்டில் நடப்பது

பொருந்துகிறது. வயிற்றில் தையல் போட்ட குழந்தையை வீட்டில் யாரும் குப்புறப் போடுவதில்லை. “தையல் பிரிஞ்சிரும்” என்ற பயம். பக்கவாட்டில் குடலைத் திறந்து பை மாட்டியிருந்தால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். இதய அறுவை ஆன குழந்தையை அழவே விடுவதில்லை. நாளெல்லாம் தோளிலும் தூளியிலுமாகக் கழிகிறது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பழகாத குழந்தைக்குத் தலை நிற்பதும் கவிழ்வதும் தவழ்வதும் அடுத்தடுத்துத் தள்ளிப்போகின்றன. எந்த நாளிலிருந்து குப்புறப் போடலாம், பையோடு எப்படிப் போடுவது, தாயின் நெஞ்சின்மேல் சாய்த்துப் போடலாமா என்று அறுவை செய்தவரே ஐந்து நிமிடம் செய்து காட்டினால் இந்தத் தாமதத்தில் ஒரு பகுதி வராமலே போகும். உணவுக்குழாய் அறுவைக்காக வயிற்றில் குழாய் வழியே பால் போகும் குழந்தைக்கும் இப்படித்தான். வாயில் சுவையே காட்டாமல் மாதங்கள் போனால், குழாயை எடுத்த பிறகு விழுங்கக் கற்றுக்கொள்வதே பெரும்பாடாகிவிடும்.

கிராமத்தில் இன்னொரு குரலும் கேட்கும். “அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், விடுங்க.” சாதாரணக் குழந்தை விஷயத்தில் பாட்டி சொல்வது சரியாகவும் இருக்கலாம். பிறந்தவுடன் அறுவை கண்ட குழந்தை விஷயத்தில் அந்தக் காத்திருப்பு ஆபத்து. வென்டிலேட்டரில் இருந்தவர்கள் எல்லோருக்கும் செவித்திறன் பரிசோதனை வேண்டும். எடை குறைந்த குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை வேண்டும். இவை இரண்டும் தப்பினால் அசைவைப் பார்த்து என்ன பயன்?

அசைவைப் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மூளை முடக்குவாதத்தை அது நன்றாகச் சொல்லும். பேச்சு, கவனம், படிப்பு ஆகியவற்றைப் பற்றி அது அதிகம் சொல்லாது. பாஸ்டன் நகரில் 1988க்கும் 1992க்கும் இடையில், இதயத்தின் பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்து அறுவை ஆன 171 குழந்தைகளைப் பதினாறு வயதுவரை பின்தொடர்ந்தார்கள். சிறு வயதில் பெரிதாகக் குறை தெரியாத பலர் பள்ளியில் திணறினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி தேவைப்பட்டது. அமெரிக்க இதயச் சங்கம் 2012இல், இப்படிப்பட்ட குழந்தைகளை ஒன்று-இரண்டு வயதில், பள்ளி சேரும் முன், பதினோரு-பன்னிரண்டு வயதில் எனத் திரும்பத் திரும்ப மதிப்பிட வேண்டும் என்று சொன்னதற்கு இந்த அனுபவமே அடிப்படை. மூன்றரை மாதப் பரிசோதனையில் தேறிய குழந்தையைக் கைகழுவிவிடக் கூடாது.

அதற்கான அளவுகோல்களுக்கு வெளிநாட்டைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய பட்டியலில் மொத்தம் 17 கேள்விகள்தான். இரண்டு வயதுவரை உள்ள குழந்தையைச் சில நிமிடங்களில் அங்கன்வாடியிலேயே சோதித்துவிடலாம். அதில் சந்தேகம் வந்தால், பரோடாக் குழந்தைகளை அளந்து உருவாக்கிய இந்திய வளர்ச்சி அளவுகோல் இருக்கிறது. அதே கேரளம் 2017இல் ‘ஹிருதயம்’ திட்டத்தைத் தொடங்கி, இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளை இணையத்தில் பதிவுசெய்து, அறுவைக்கு அனுப்பி வருகிறது. பெயர் ஒரு பட்டியலில் ஏறிவிட்டால், ஒரு குழந்தை வரவில்லை என்பதாவது யாருக்காவது தெரியும்.

குறை இருப்பதாகத் தெரிந்தால் குடும்பம் உடைந்துபோகாதா, பெண் குழந்தையாக இருந்தால் கைவிட்டுவிட மாட்டார்களா என்று கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். அதற்குத் தீர்வு மறைப்பதாக இருக்க முடியாது. “உங்கள் குழந்தைக்கு மூளை முடக்குவாதம்” என்று வராந்தாவில் நின்று சொல்லிவிட்டு நகர்வது கொடுமை. “கைகால் அசைவில் கொஞ்சம் குறை தெரிகிறது, அடுத்த திங்கள்கிழமை பிசியோதெரபி தொடங்குகிறோம், வீட்டில் தினமும் என்ன செய்வது என்று அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்லித்தருகிறோம்” என்று சொல்வது சிகிச்சை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தொடர்பு முகவரி. சிகிச்சைக்கான கதவு திறந்திருக்காத இடத்தில் யாரும் முன்கணிப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கதவைக் கிராமத்திலேயே திறக்க முடியும் என்று காட்டியிருப்பவர்களும் நம் தெற்குச் சீமையில் இருக்கிறார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள், செல்போன் செயலியின் துணையோடு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். தாய்க்கும் கற்றுக்கொடுக்கிறார்கள், நகரத்திலுள்ள நிபுணர் அதைத் தொலைவிலிருந்து சரிபார்க்கிறார். ஆரம்பப் பயிற்சி எல்லாவற்றையும் குணமாக்கிவிடாது. ஆனால் மூளை வேகமாக வளரும் மாதங்களில் பயன்படுத்தப்படும் கை, பின்னாளில் சோறு பிசைந்து உண்ணும் கையாகும் வாய்ப்பு அதிகம். இடுப்பு மூட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை தானாக உட்காரலாம். இவற்றைச் சிறிய லாபம் என்று பெற்றவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அரசிடம் கேட்பது புதிய கட்டடம் இல்லை. தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் வந்ததிலிருந்து மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு சேவை மையம் இருக்க வேண்டும் என்பது விதி. பெரியாஸ்பத்திரியிலும் அந்த மையம் இருக்கிறது. அறுவை அரங்கு ஒரு கட்டடத்தில், இடையீட்டு மையம் வேறொரு கட்டடத்தில். இரண்டையும் இணைப்பது இன்று பெற்றோரின் கால்கள்தான். விருதுநகர், இராமநாதபுரம், திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டன. அந்தந்த ஊர்க் குழந்தைகள் தொடர் பயிற்சிக்கு மதுரை வரத் தேவையில்லை. மதுரைக்கே வரவைத்தால் சுமை குடும்பத்துக்குத்தான். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு வரும் புறநகர்ப் பேருந்தில் உண்டு. அதோடு ஒரு நாள் கூலியும் போகும். மூன்றாவது மறுபரிசோதனைக்கு ஒரு தாய் வராமல் போவதற்கு அலட்சியம் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பணத்துக்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. செவித்திறன் இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. அதோடு நின்றுவிடாமல், கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சிக்கும் தருகிறது. கருவியைப் பொருத்தினால் மட்டும் குழந்தை பேசிவிடாது என்று அதிகாரிகளுக்குப் புரிந்ததால் வந்த ஏற்பாடு அது. அதே நியாயப்படி, ஒரு வயதுக்குள் செய்யப்படும் ஒவ்வொரு பெரிய அறுவையின் காப்பீட்டுத் தொகையிலும் மூன்றரை மாத அசைவு மதிப்பீடு, செவி, கண் பரிசோதனைகள், ஒரு வயதிலும் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் வளர்ச்சி மதிப்பீடு, தேவைப்பட்டால் பயிற்சி, வந்துபோகும் பேருந்துக் கட்டணம் ஆகிய அனைத்தும் சேர வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே குழந்தையின் விவரம் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும். பிறந்த வாரத்தில் அறுவை ஆன குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்து வயதில் பள்ளியில் இருக்கிறார்கள் என்ற கணக்கை வருடாவருடம் மக்கள் முன் வைக்க வேண்டும். அறுவை அரங்கின் வெற்றியை அளக்க அதைவிட நேர்மையான எண் வேறில்லை.

இது நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிறந்த சில வாரங்களில் அறுவை சிகிச்சை ஆன குழந்தை இருந்தால், மூன்றரை மாத ஊசிக்குப் போகும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். முந்தின நாளே பாயில் படுக்கவைத்து மூன்று நிமிடப் படம் ஒன்றும் எடுத்து வையுங்கள். அதைக் காட்டி, “கைகால் அசைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். காதுப் பரிசோதனை முடிந்ததா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.